பந்தலுக்கு வந்த பாலையா

எண்பதுகளில் அரும்பாவூரில் ஒரு கல்யாணம் என்றால் முதல் நாள் ராத்திரி பந்தலில் வீடியோ டெக் ஓடியாக வேண்டும். பத்திரிகையில் அச்சடிக்காத சடங்கு அது. வாடகை டிவியும் டெக்கும் ஆத்தூரிலிருந்தோ பெரம்பலூரிலிருந்தோ வந்து இறங்கும். கூடவே ஓர் ஆபரேட்டர் தம்பி, பை நிறைய கேசட். முதலில் சாமி படம். அடுத்தது எம்.ஜி.ஆரா, சிவாஜியா என்று ஒரு பஞ்சாயத்து. அது தீராதபோது இரண்டு கட்சிக்கும் பொதுவாகப் போடுகிற படம் ஒன்று உண்டு: ‘காதலிக்க நேரமில்லை’.

டிவிக்கு முன்னால் பிள்ளைகள் பாயில் உருண்டு கிடப்போம். பந்தலின் ஓரத்தில் மறுநாள் சமையலுக்குப் பெண்கள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் பக்கத்து வெங்காயத்துக்குக் காரம் அதிகம். கண்ணைத் துடைத்துக்கொள்வது அதனாலா, நாகேஷாலா என்று கேட்டால், “ரெண்டாலயும்தான், போடா” என்பாள் அத்தை. நடுவில் படம் கோடு கோடாகிவிடும். ஆபரேட்டர் தம்பி மூடியைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து ஒரு புது ரூபாய் நோட்டை எடுத்து ஹெட்டைத் துடைப்பான். மறுபடி முகங்கள் தெரியும்போது பந்தலே கைதட்டும்.

1964இல் ஸ்ரீதர் தம் சித்ராலயா நிறுவனத்துக்காக எடுத்த படம். வசனத்தில் அவரோடு சித்ராலயா கோபுவின் கை. ஆழியாறு அணையையும் மலையையும் ஈஸ்ட்மென் கலரில் வின்சென்ட் பிடித்திருந்த அழகை அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் பேசினார்களாம். எங்களுக்கு வந்த கேசட் தேய்ந்து தேய்ந்து ஆழியாறே மஞ்சளாகத்தான் தெரிந்தது. யாருக்கும் குறையாகப் படவில்லை. பணக்காரச் சம்பந்தத்துக்கு ஆசைப்படும் எஸ்டேட் முதலாளி பாலையா, சினிமா எடுத்தே தீருவேன் என்று நிற்கும் பிள்ளை நாகேஷ், காதலிக்கிற இரண்டு பெண்கள், நண்பன் ரவிச்சந்திரனுக்காகக் கோடீஸ்வர அப்பாவாக வேஷம் கட்டுகிற முத்துராமன். கதையில் வில்லன் என்று ஒருவனும் கிடையாது. பாலையாவின் பணத்தாசை ஒன்றுதான் தடை. அதையும் சிரித்தே தள்ளிவிடுகிறார்கள்.

நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சி வந்தால் தெருவில் நிற்பவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். எங்கள் ஊர் மரச்சிற்பத்துக்குப் பேர்போனது. 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாகையிலும் வேம்பிலும் சாமி செய்யும் ஆசாரி ஒருவர் அந்தக் காட்சிக்கு மட்டும் முன்வரிசைக்கு வருவார். எல்லோரும் கதை சொல்கிற நாகேஷைப் பார்ப்பார்கள். அவர் கதை கேட்கிற பாலையாவைப் பார்ப்பார். “அந்த மூஞ்சியைப் பாருடா. ஒரு இடத்துல நிக்குதா? உளியை எங்க வைக்கிறது?” என்பார். கண்ணில் பயம் ஏறும்போது கன்னம் எப்படித் தொங்குகிறது, உதடு எப்போது பிரிகிறது என்று விரலால் காற்றில் கோடு இழுத்துக் காட்டுவார். நடிப்பைப் பற்றி நான் கேட்ட முதல் பாடம் அது.

அப்படி ஒரு ராத்திரி நன்றாக நினைவில் இருக்கிறது. பேசிய நகையில் ஏதோ குறைகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். காபி போய், தொடாமல் திரும்பி வந்தது. அந்த நேரத்தில்தான் டிவியில் பாலையா, வந்திருப்பவர் கோடீஸ்வரர் என்று தெரிந்ததும் ஒரே நொடியில் குழைந்து உபசரிக்க ஆரம்பித்தார். திண்ணையிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது; மாப்பிள்ளையின் அப்பா. பந்தக்காலடியில் இன்னொரு சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் இருவரும் ஒரே பெஞ்சில். விடியற்காலை நகைப் பேச்சு மறுபடி எழுந்தது. ஆனால் பேசியவர்களின் குரல் இறங்கியிருந்தது. முகூர்த்தம் தவறவில்லை.

சமீபத்தில் ஊருக்குப் போனபோது அதே படத்தை முழுதாகப் பார்த்தேன். தெளிவான பிரிண்ட், ஆழியாறு நீலமாகவே இருந்தது. அப்போது கண்ணில் படாத ஒன்று இப்போது பட்டது. பணத்துக்காக இத்தனை ஆட்டம் ஆடுகிற இந்தப் படத்தில் ஆசைப்படுகிறவர் பெண்ணைப் பெற்றவர். மாப்பிள்ளை வீட்டார் கை நீட்டுவதில்லை. வரதட்சணைக்காக ஒரு காட்சியும் நகர்வதில்லை. எங்கள் தெருவில் நடந்ததற்கு நேர் தலைகீழ். அதனால்தான் அந்தப் பந்தலில் யாருக்கும் சுடவில்லை போலும். திண்ணையில் இருந்தவருக்குப் பாலையா பெண் வீட்டுக்காரர். பந்தக்காலைப் பிடித்து நின்றவருக்கோ, காசைக் கண்டதும் குழைகிற எதிர்வீட்டுத் திண்ணைக்காரர். இரண்டு சம்பந்திகளும் ஒருவரை ஒருவர் நினைத்து மனதாரச் சிரித்திருக்கிறார்கள்.