நண்டும் அதன் பருவமும்

அரபியில் நண்டை ‘ஸரத்தான்’ என்பர். வானத்து இராசிகளுள் ஒன்றுக்கும், உடலை அரிக்கும் புற்றுநோய்க்கும் அதுவே பெயர். தமிழிலும் கடகம் என்னும் சொல் நண்டையும் இராசியையும் ஒருங்கே குறிக்கும். அலவன், ஞெண்டு, கள்வன் என நம் பழம்புலவர்கள் வழங்கிய பெயர்களும் உண்டு. இரு மொழிப் புலவர்களின் கண்ணிலும் பட்ட இச்சிற்றுயிர் எவ்வாறு வளர்கிறது, எப்போது பருவம் எய்துகிறது என்பதைக் கடற்கரையில் வாழும் நாம் அறிந்திருத்தல் நலம். நண்டை உண்பது குறித்து மத்ஹபுகளுக்கிடையே உள்ள கருத்து வேறுபாடு இங்கு என் பொருளன்று. அதன் வாழ்வே என் பொருள்.

எகிப்து நாட்டு அறிஞர் கமாலுத்தீன் தமீரி (மறைவு 1405) தம் ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் உயிரினக் களஞ்சியத்தில் நண்டைப் பற்றியும் எழுதியிருக்கிறார். மதரஸாவில் ஓதிய நாளில் உஸ்தாத் ஒருவர் அப்பகுதியை வாசித்துக் காட்டியது இன்றும் என் நினைவில் இருக்கிறது. நண்டு தன் வளைக்கு இரு வாயில்கள் அமைக்குமாம். ஒன்று நீரை நோக்கியது, மற்றொன்று கரையை நோக்கியது. தோலுரிக்கும் வேளையில் மீன்களுக்கு அஞ்சி நீர்ப்பக்க வாயிலை அடைத்துவிட்டு, காற்று வரும் வாயிலை மட்டும் திறந்து வைத்து, உடல் உலர்ந்து இறுகிய பின்னரே இரை தேடப் புறப்படுமாம். இச்செய்தி எல்லா நண்டுகளுக்கும் பொருந்தாது. ஆயினும் ஓடு கழற்றிய நண்டு ஆதரவற்றது, ஒளிந்தே பிழைக்க வேண்டியது என்னும் உண்மை அதில் அடங்கியிருக்கிறது.

மன்னார் வளைகுடாவில் மிகுதியாகப் பிடிபடும் நீலக்கால் நண்டையே எடுத்துக்கொள்வோம். இதற்கு வளை கிடையாது. மணலில் புதைந்து கிடக்கும். இதன் ஓடு உடலோடு சேர்ந்து வளர்வதில்லை. ஆகவே நண்டு மரத்தைப் போல் நாள்தோறும் சிறுகச் சிறுக வளராது. படிப்படியாகத் தாவியே வளரும். பழைய ஓட்டின் உள்ளே மெல்லிய புதிய ஓடு உருவானதும், பழையது பின்புறம் பிளக்க, நண்டு பின்வாங்கி வெளியேறும். உடனே நீரை உறிஞ்சி உடலைப் பெருக்கிக்கொள்ளும். புதிய ஓடு இறுகியபின் அடுத்த முறை கழற்றும் வரை அந்த அளவே அதன் அளவு. கழற்றிய ஓட்டோடு வயதின் சுவடும் போய்விடுவதால், ஆய்வாளர்கள் நண்டின் ஓட்டை அகலவாட்டில் அளந்தே அதன் வளர்ச்சியைக் கணிக்கின்றனர்.

பிள்ளைகள் பாலிகு ஆனதை நாம் சில அடையாளங்களால் அறிவது போல், நண்டின் பருவத்திற்கும் அடையாளம் உண்டு. அதைப் புரட்டிப் பார்த்தால் வயிற்றில் மடங்கிய ஒரு மடல் தெரியும். ஆணுக்கு அது குறுகியது. இளம் பெண்ணுக்கு முக்கோணமாக, உடலோடு இறுக ஒட்டியிருக்கும். பருவம் எய்தும் ஓடு கழற்றலுக்குப் பின் அதுவே அகன்று வட்டமாகி, முட்டைகளைத் தாங்கும் தொட்டிலாக மாறிவிடுகிறது. வெப்பமான நம் கடலில் ஓராண்டு நிறையும் முன்னரே இது நிகழ்ந்துவிடும். அந்த ஓடு கழற்றலுக்கு முன்பே ஆண் நண்டு பெண்ணைத் தன் கால்களுக்குள் அணைத்துச் சுமந்து காவல் காக்கிறது; அவள் மென்மையாய் இருக்கும் அவ்வேளையில்தான் கூடல் நிகழும். ஆணின் வித்தைப் பெண் தன்னுள் சேமித்து வைத்து, ஒன்றுக்கு மேற்பட்ட முறை சினைகொள்ளவும் வல்லது. ஒரு முறைக்கு முட்டைகள் பல இலட்சம். முதலில் மஞ்சளாய் மடலின் கீழ்த் திரளும் அவை, உள்ளே குஞ்சுகளின் கண்கள் உருவாக உருவாகப் பழுப்பாகிக் கறுக்கும். கறுத்துவிட்டால் பொரிக்கும் நாள் அண்மையில் என்பது பொருள்.

ஔவையாரின் ‘நல்வழி’, நண்டு தான் அழியும் காலத்திலேயே கருவைத் தரும் என்று கூறுகிறது. சங்கப் பாடலிலும் இக்கருத்து உண்டு. ஆனால் நீலக்கால் நண்டு அவ்வாறு மாள்வதில்லை. குஞ்சுகளைக் கடலில் விட்டபின் மீண்டும் இரை தேடும், மீண்டும் சினைகொள்ளும். முட்டை பொரியும் முன்னரே அத்தாயை மாளச் செய்வது நம் வலை.

சில மாதங்களுக்கு முன் எங்கள் ஊர்க் கடற்கரையில், கருமுட்டை சுமந்த நண்டுகளைக் கூடையில் கண்டு, “இன்னும் ரெண்டு மூணு நாள்ல பொரிச்சிருக்குமே ஆத்தா, கடல்ல விட்டிருக்கலாமே” என்றேன். அந்த மீனவப் பெண் சினம் கொள்ளவில்லை. “நாங்க விட்டா அடுத்த வலையில விழும், ஆலிம்சா. நிறுத்து வாங்குறவுக சினையா வெறுமனையான்னு கேக்குறதில்லையே” என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நண்டுச் சதை பதனிடப்பட்டு அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாகும் இக்காலத்தில், பொறுப்பு முழுவதையும் ஓர் ஏழையின் கூடையில் சுமத்துவது முறையன்று.

1986ஆம் ஆண்டு இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989ஆம் ஆண்டு, அதையும் உள்ளடக்கிய 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. தீவுகளை ஒட்டிய கடற்புல் வெளிகளே இளநண்டுகளின் புகலிடம். தமீரி சொன்ன அடைத்த வாயிலைப் போன்றவை அவை. காவல் மெய்யாகவே நடக்கும் கடலில் இளையவையும் முதியவையும் கலந்து வாழும். எந்த அகலத்தில் நண்டுகளுள் பாதி பருவம் எய்துகின்றன என்பதை அங்கே அளந்தால் நம்பத்தக்க அளவுகோல் கிடைக்கும். அவ்வளவு கடலுக்குக் கடல் வேறுபடுவதால், பிற நாட்டுக் கணக்கை இரவல் வாங்கி நம் கடலுக்கு விதி செய்ய இயலாது.

ஆனால் நண்டு எல்லைக்கோடு அறியாது. சினை முற்றிய தாய் ஆழமும் உப்பும் மிக்க நீரை நாடிச் செல்லும்போது காவலைக் கடந்து வலைகளுக்கு நடுவே வருகிறது. அங்கே அதைக் காக்கச் சட்டத்தின் கை மட்டும் போதாது. வாங்குவோரின் கையும் வேண்டும். நண்டு வாங்கும் குடும்பத்தினர் அதை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மடல் இன்னும் முக்கோணமாக இருந்தாலும், அதன் கீழ் முட்டைகள் திரண்டிருந்தாலும், வேண்டாம் என்று சொல்லுங்கள். வாங்குவோர் கேட்பதில்லை என்றாளே அந்தப் பெண், அவளிடம் நாம் கேட்கத் தொடங்குவோம்.