முதலில் ஒயரைத் தொடுங்கள்

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளிடம் அடுத்து என்ன என்று கேட்டால், இப்போது அடிக்கடி காதில் விழும் பதில் சைபர் செக்யூரிட்டி. கேட்கவே நிறைவாக இருக்கிறது. நான் தொலைபேசித் துறையில் கேபிள் ஜாயின்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்து ஜோடி ஜோடியாகக் கம்பி முறுக்கியவன். அந்த உரிமையில் ஒன்று சொல்கிறேன். ஹேக்கிங் கற்க அவசரப்படாதீர்கள். முதலில் நெட்வொர்க்கைக் கற்றுக்கொள்ளுங்கள். எது எதோடு இணைந்திருக்கிறது என்று தெரியாதவரால் எதையும் காவல் காக்க முடியாது.

சமுதாயக் கல்லூரியில் நெட்வொர்க் படிப்பில் சேர்ந்த முதல் மாதத்திலேயே, கேபிள் முனையில் பிளக்கைப் பொருத்துகிற கிரிம்பிங் டூலை உங்கள் கையில் கொடுப்பார்கள். "இதெல்லாம் எலக்ட்ரீஷியன் வேலை சார்" என்று சில பிள்ளைகள் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். சுளிக்காதீர்கள். நீல நிற கேபிளின் தோலை உரித்தால் உள்ளே எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. இந்த வரிசையை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். செய்யுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். பச்சை ஜோடி மட்டும் ஏன் பிரிந்து நீல ஜோடிக்கு இருபுறமும் உட்காருகிறது என்று கேளுங்கள். பிளக்கில் நடு இரண்டு முள் பழைய தொலைபேசி லைனுக்கு உரிய இடம். டெலிபோன் பிளக்கில் பேச்சு ஓடியது அந்த நடு ஜோடியில்தான். அதைக் கலைக்காமல் கம்ப்யூட்டர் கேபிளை வகுத்ததால் பச்சை விலகி உட்கார்ந்தது. ஜோடிகளை ஏன் முறுக்கி வைத்திருக்கிறார்கள்? பக்கத்து ஜோடியின் இரைச்சல் இதில் ஏறாமலிருக்க. அதனால்தான் முனையில் அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது. இப்படி ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டுப் பழகுகிறவர்தான், பின்னால் ஒரு டேட்டா பாக்கெட் ஏன் இந்த வழியில் வந்தது, யார் அனுப்பினார்கள் என்றும் கேட்பார்.

எக்ஸ்சேஞ்சில் எம்.டி.எஃப்., அங்கிருந்து தெருமுனை கேபினெட், பிறகு பில்லர், டி.பி. பாக்ஸ், கடைசியில் வீடு. எங்கள் காலத்து நெட்வொர்க் இவ்வளவுதான். ஆனால் எந்த வீட்டு லைன் எந்தக் கேபிளில் எத்தனையாவது ஜோடி என்று நோட்டில் இருக்க வேண்டும். மழை வந்து சாலை மூழ்கினால், நோட்டை ஒழுங்காக எழுதியவர் பகுதியில் லைன் சீக்கிரம் உயிர் பெறும். எழுதாதவர் பகுதியில் ஊரையே தோண்ட வேண்டும். உங்கள் படிப்பில் இதற்கு அசெட் இன்வென்டரி, நெட்வொர்க் டயக்ராம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வகுப்பில் அது சலிப்பான பாடம். ஆனால் வேலையில் பாதி அதுதான். கேபிளின் இரண்டு முனையிலும் எண் ஒட்டுங்கள். நம் பக்கம் உப்புக் காற்று வேறு. செம்பு சீக்கிரம் களிம்பேறும், ராக்கில் துரு பிடிக்கும். கடற்கரையை ஒட்டிய ஆபீசில் நெட் விட்டு விட்டு வருகிறது என்றால், வைரஸைத் தேடுவதற்கு முன்னால் ஜாக்கைக் கழற்றிப் பாருங்கள்.

படிக்கிற இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சமுதாயக் கல்லூரி என்றால் வேறு எங்கும் இடம் கிடைக்காதவர்கள் போகிற இடம் என்று நம் சொந்தக்காரர்களே பேசுகிறார்கள். 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996-ல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டமும் இந்தியாவில் இதைத் தொடங்கின. பாதர் சேவியர் அல்போன்ஸ் போன்றவர்கள் இதற்காக நாடெங்கும் அலைந்தார்கள். படிப்பை நடுவில் விட்டவர்களுக்கு, குறைந்த கட்டணத்தில், பக்கத்தில் இருக்கிற தொழிலோடு இணைத்துக் கற்றுத்தருவது அதன் நோக்கம். பக்கத்தில் இருக்கிற தொழில் என்பதை மறந்துவிடாதீர்கள். வடசென்னைப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய வாய்ப்பு இல்லை.

ஏன் என்றால், நம்மைச் சுற்றி இருப்பதைப் பாருங்கள். சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று மூன்று இடத்திலும் கன்டெய்னர் இறங்குகிறது. ட்ரெய்லர் லாரிகள் வரிசையில் நிற்பதைப் பார்த்துத்தான் நீங்கள் வளர்ந்தீர்கள். எந்தக் கன்டெய்னர் எந்த அடுக்கில், எந்த லாரிக்கு என்று கேட்டில் சொல்வது இன்று கம்ப்யூட்டர். அது நின்றால் என்ன ஆகும் என்பதை 2017 ஜூன் 27 காட்டியது. உக்ரைனில் ஒரு கணக்குப் பதிவு மென்பொருளின் அப்டேட் வழியாகப் புகுந்த நாட்பெட்யா என்ற மால்வேர், மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை உலகம் முழுக்க முடக்கியது. மும்பை அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையமும் நின்றது. 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டர்களைப் பத்தே நாளில் மறுபடி நிறுவினார்கள். அதற்குக் கைகொடுத்தது எது தெரியுமா? யார் யாருக்கு எந்த அனுமதி என்பதை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் எல்லாம் அழிந்துவிட, கானாவில் ஒன்று மட்டும் தப்பியது. அந்த நேரம் அங்கே கரண்ட் இல்லை, நெட்வொர்க்கில் இல்லை, அதனால் தப்பியது. அவ்வளவு பெரிய நிறுவனம் ஒரு மின்வெட்டின் புண்ணியத்தில் பிழைத்தது! பேக்கப்பில் ஒரு பிரதியாவது நெட்வொர்க்கோடு ஒட்டாமல் இருக்க வேண்டும் என்று உங்கள் ஆசிரியர் சொல்லும்போது இதை நினையுங்கள்.

துறைமுகம் நின்றால் சரக்கு தாமதமாகும். மணலியிலும் எண்ணூரிலும் இருப்பது சரக்கு மட்டும் இல்லை. சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம், உர ஆலை, எரிவாயுத் தொட்டி. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் தெருவில் ஓடினார்கள். அதற்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தக் குழாய்களின் வால்வையும் அழுத்தத்தையும் இன்று கவனிப்பது பி.எல்.சி. என்கிற சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள். 2017-ல் சவூதி அரேபியாவின் பெட்ரோகெமிக்கல் ஆலை ஒன்றில், ஆபத்து வந்தால் ஆலையை நிறுத்த வேண்டிய பாதுகாப்பு அமைப்புக்குள்ளேயே டிரைட்டன் என்ற மால்வேரை நுழைத்துவிட்டார்கள். ஆலை திடீரென்று தானே நின்றதால்தான் விஷயம் வெளியே வந்தது. அப்படி ஒன்று வேலி ஓரம் குப்பம் இருக்கிற ஊரில் நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அதனால்தான் ஆபீஸ் நெட்வொர்க்கும் ஆலை நெட்வொர்க்கும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்கிறார்கள். கப்பலின் அடிப்பகுதியைத் தடுப்பறைகளாகப் பிரிப்பது மாதிரி; ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் கப்பல் மிதக்கும். 2019-ல் கூடங்குளத்தில் ஒரு கம்ப்யூட்டரில் மால்வேர் இருந்ததை அணுமின் கழகமே அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. அது நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த கம்ப்யூட்டர், அணு உலையை இயக்கும் அமைப்போடு இணைப்பு இல்லை என்றது. நாட்டுக்கே அன்று ஆறுதல் தந்தது அந்தப் பிரிப்புதான். இந்தப் பிரிப்பைச் சப்நெட், வீ-லேன் என்று கரும்பலகையில் எழுதும்போது வெறும் கணக்காகத் தோன்றும். 256 முகவரியை நான்காக வெட்டினால் ஒவ்வொன்றிலும் 64, அதில் பயன்படுவது 62. அந்தக் கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற அளவுக்குப் போடுங்கள். யார் வீட்டுக்குள் யார் நுழையலாம் என்று நீங்கள் கோடு போடுவது அதை வைத்துத்தான்.

இங்கிலீஷ் பயம் பலருக்கு உண்டு. புத்தகம் இங்கிலீஷில் இருந்தாலும் யோசனை தமிழிலேயே ஓடட்டும். பேக்கட் ட்ரேசர் என்ற மென்பொருளில் ரௌட்டர்களை இணைத்துப் பார்க்கலாம், ஒயர்ஷார்க்கில் உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரின் போக்குவரத்தையே பார்க்கலாம். இரண்டும் காசில்லாமல் கிடைக்கின்றன. பார்த்ததைப் பக்கத்தில் இருக்கிற நண்பருக்குத் தமிழில் விளக்குங்கள். விளக்க வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை, மறுபடி பாருங்கள்.

ஆனால் சொந்தக் கம்ப்யூட்டர், சொந்த நெட்வொர்க் என்ற எல்லையைத் தாண்டாதீர்கள். இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். யூடியூபில் பார்த்ததைச் செய்து பார்க்கலாம் என்று கல்லூரி வைஃபையையோ துறைமுக அலுவலகத்தையோ ஸ்கேன் செய்யாதீர்கள். 2000-ம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், உரிமையாளர் அனுமதி இல்லாமல் கெட்ட நோக்கத்தோடு அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் போனால் மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். அரசு பாதுகாக்கப்பட்ட அமைப்பு என்று அறிவித்ததைத் தொட்டால் பத்து வருடம் வரை. "சும்மா பார்த்தேன்" என்று ஸ்டேஷனில் சொல்லி நிரூபிக்கிற நிலைமைக்கே போக வேண்டாம். ஒரு வழக்கு விழுந்தால் இந்தத் தொழிலில் எந்தக் கதவும் திறக்காது. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு வக்கீல் கிடைப்பார், நமக்கு யார் வருவார்கள்? அடுத்தவர் நெட்வொர்க்கைத் தொட வேண்டியிருந்தால் முதலில் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். தேதி போட்டு, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று எழுதி, கையெழுத்தோடு.

பழக இடம் வேண்டுமா? தெரு மளிகைக் கடை அண்ணாச்சியிடம் கேளுங்கள். கடையில் நாலு சிசிடிவி இருக்கும், வாங்கின நாளில் கம்பெனி போட்ட பாஸ்வேர்டே இன்னும் இருக்கும். 2016-ல் மிராய் என்ற மால்வேர் அறுபது சொச்சம் அப்படிப்பட்ட பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்தது. அந்தப் படை அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் பெரிய பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் திறக்கவில்லை. அண்ணாச்சி முன்னாலேயே பாஸ்வேர்டை மாற்றி, அவர் கையாலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் நிவாரணப் பணத்தைச் சொல்லி "ஓ.டி.பி. சொல்லுங்கம்மா" என்று நம் பெண்களுக்குப் போன் வருகிறது. காசு போனதும் யாரிடம் சொல்வது என்று தெரியாமல், வீட்டில் திட்டுவார்களே என்று மறைத்து, மறுநாள்தான் அழுகிறார்கள். உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குச் சொன்னால், பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறும் முன் வங்கியில் நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. நேரம் போகப் போக அந்த வழி அடைபடும். அடுத்த தடைக்காலத்தில் நான்கு பேர் சேர்ந்து காசிமேட்டில் வலை பின்னுகிற இடத்தில் போய் உட்காருங்கள். அக்காக்களின் போனை அவர்கள் கையிலேயே வைத்துக்கொண்டு அந்த எண்ணைப் பதிவு செய்யச் சொல்லிக் கொடுங்கள். எந்தக் கேள்வி கேட்டாலும் சலிக்காமல் பதில் சொல்லுங்கள். இதோடு, துறைமுகத்திலோ ஆலையிலோ இன்டர்ன்ஷிப் தேடும்போது கடிதத்தோடு எந்த கேட்டில் போய் நிற்பது என்று தெரியவில்லை என்றால் என்னிடம் வாருங்கள். நானும் கூட வருகிறேன்.