மணிக்கூட்டின் இலக்கம்

குச்சவெளியில் ஒருவர் கையில் விலையுயர்ந்த மணிக்கூடு இருந்தால் அது கடல் கடந்து வந்ததாகத்தான் இருக்கும். சவூதி, கட்டார், குவைத் என்று போன பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது கட்டிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் சீக்கோ அல்லது கசியோ. எப்போதாவது ஒரு ரோலெக்ஸ் வரும். 'டூப்ளிகேட்' என்று சிரித்துவிட்டுப் போவது ஊர் வழக்கம். போலியா அசலா என்று கேட்பவர்கள் உண்டு. இது யாருடையது என்று கேட்பவர்கள் குறைவு.

இந்த இரண்டாவது கேள்வியை எனக்குள் போட்டவன் ராத்தாவின் மகன். கட்டாரில் கூட வேலை செய்த ஒருவன் தன்னிடமுள்ள ரோலெக்ஸை நான்கு இலட்சத்துக்குத் தருவதாகச் சொல்லி, பார்த்துக்கொள் என்று கையில் கொடுத்துவிட்டிருந்தான். கடையில் அதே வகை பல பத்து இலட்சம் போகும். பெட்டியும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. "முதலாளி ஊருக்குப் போகக்குள்ள குடுத்ததாம் மாமா" என்றான்.

திருகோணமலை நகரில் பழைய மணிக்கூடு திருத்துபவர் ஒருவரிடம் போனோம். அவர் பட்டியைக் கழற்றி, ஆறு மணிப் பக்கத்தில் பட்டி பூட்டுகிற இரண்டு கொம்புகளுக்கு நடுவே லென்ஸை வைத்துப் பார்த்தார். அங்கேதான் இலக்கம் இருக்கும். பன்னிரண்டு மணிப் பக்கத்தில் இருப்பது மாதிரி இலக்கம். அது ஆயிரக்கணக்கான மணிக்கூடுகளுக்குப் பொது. ஆறு மணிப் பக்கத்தில் இருப்பதுதான் அந்த ஒன்றுக்கு மட்டும் உரியது. 2000களின் நடுப்பகுதிக்குப் பின் வந்தவற்றில் கண்ணாடிக்கு உள்ளே, முகப்பைச் சுற்றியுள்ள வளையத்திலும் அதைப் பொறிக்கத் தொடங்கினார்கள். திருத்துபவர் இலக்கத்தைப் பார்க்குமுன் அது இருக்கிற இடத்தைத்தான் விரலால் தடவிப் பார்த்தார். "சுரண்டியிருந்தா நான் கையில எடுக்கமாட்டன்" என்றார். சுரண்டியிருக்கவில்லை. அசல் என்றும் சொன்னார்.

இலக்கம் கிடைத்தால் அடுத்தது பட்டியல். களவு போன கலைப்பொருட்களைப் பதிந்து வைக்கும் ஆர்ட் லொஸ் ரெஜிஸ்டர் என்ற நிறுவனம் 1990களின் தொடக்கத்திலிருந்து இலண்டனில் இயங்குகிறது. மணிக்கூடுகளுக்கென்றே அதன் பிரிவாக வொட்ச் ரெஜிஸ்டர் உண்டு. பறிகொடுத்தவரும் காப்புறுதிக் கம்பனியும் பொலிஸாரும் இலக்கத்தைக் கொடுத்துவைக்கிறார்கள். வாங்கப்போகிறவர் சிறு கட்டணம் செலுத்தி, 'இது உங்கள் பட்டியலில் உண்டா' என்று கேட்கலாம். 2023இல் ரிச்மொண்ட் குழுமம் என்குவைரஸ் என்ற பெயரில் இன்னொரு பதிவேட்டைத் தொடங்கியது, அது இலவசம். கைத்தொலைபேசிக்குள்ள பதினைந்து இலக்க ஐ.எம்.ஈ.ஐ.யைப் போலத்தான் இதுவும். ஒரு பெரிய வித்தியாசம், களவு போன தொலைபேசியை வலையமைப்பிலிருந்து துண்டித்துவிடலாம். மணிக்கூட்டை யாரும் நிறுத்த முடியாது. திருடன் கையிலும் அது சரியான நேரத்தையே காட்டும்.

மருமகன் தேடிப் பார்த்தான். பட்டியலில் இல்லை. துள்ளிக்கொண்டு வந்தான்.

"இல்லயாம் மாமா. இனி என்ன?"

இனித்தான் கதையே இருக்கிறது. பட்டியலில் இருந்தால் களவு என்று கொள்ளலாம். இல்லாவிட்டால், யாரும் இன்னும் எழுதவில்லை என்பது மட்டுமே தெரியும். நேற்றுப் பறிபோனது இன்று ஏறியிருக்காது. பறிகொடுத்தவருக்குத் தன் இலக்கமே தெரியாமல் இருக்கலாம்; தன் மணிக்கூட்டின் இலக்கத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? போலி செய்கிறவர்கள் நல்ல மணிக்கூடு ஒன்றின் இலக்கத்தை அப்படியே பொறித்துவிடுவதும் உண்டு. தோஹாவிலோ இலண்டனிலோ கொடுத்த முறைப்பாடு நம் ஊர்ப் பொலிஸின் புத்தகத்துக்குத் தானாக வந்து சேர்வதில்லை.

சட்டமும் பட்டியலோடு நிற்கவில்லை. நமது தண்டனைச் சட்டக்கோவையின் 394ஆம் பிரிவு களவுப்பொருளை நேர்மையின்றிப் பெறுவதைப் பற்றியது. தெரிந்து பெறுவது மட்டுமல்ல, களவு என்று நம்பக் காரணம் இருக்கப் பெறுவதும் குற்றம். முப்பது இலட்சப் பொருள் நான்கு இலட்சத்துக்கு வருவது ஒரு காரணம் இல்லையா?

பட்டியலுக்கு எவ்வளவு பெலன் உண்டு என்பதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. ஜெரூசலத்தில் எல்.ஏ. மேயர் பெயரிலான இஸ்லாமியக் கலை நூதனசாலை ஒன்று உள்ளது. அதை நிறுவிய வேரா சலமன்ஸின் தந்தை சேர்த்த மணிக்கூடுகளும் அங்கேதான் இருக்கின்றன. 1983 ஏப்ரலில் ஓர் இரவில் அவற்றில் 106 களவு போயின. அவற்றுள் ஒன்று பிரெகே செய்த 160ஆம் இலக்க மணிக்கூடு. பிரான்ஸ் அரசி மரி அந்துவனெத்துக்கென்று 1783இல் கட்டளையிடப்பட்டு, அரசியும் 1793இல் கொல்லப்பட்டு, செய்தவரும் 1823இல் இறந்து, 1827இல்தான் முடிந்தது. அதைத் திருடிய நாமான் டில்லர் 2004இல் இறக்குமுன் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனான். 2006இல் ஒரு சட்டத்தரணி மூலம் பேச்சு வந்து அது நூதனசாலைக்குத் திரும்பியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த மணிக்கூட்டை அவனால் யாருக்கும் விற்க முடியவில்லை. இலக்கமும் படமும் உலகில் மணிக்கூடு தெரிந்த எல்லோரிடமும் இருந்தன.

இதை மருமகனுக்குச் சொன்னபோது அவன் கேட்ட கேள்வி என்னை அசைத்துவிட்டது. "ராணிட மணிக்கூட்டுக்கு நம்பர் இருந்திச்சு. நம்மடதுக்கு ஆரு எழுதிவெச்ச?"

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். நகையும் பணமும் வழியில் கழற்றி வாங்கப்பட்டன. அதே ஆண்டு எங்கள் மாவட்டத்திலும் தமிழரும் முஸ்லிம்களும் கிராமம் கிராமமாக ஓடினார்கள். அப்படிப் போன காப்புக்கும் சங்கிலிக்கும் மணிக்கூட்டுக்கும் இலண்டனில் பட்டியல் இல்லை. இங்கேயும் இல்லை. அவை பிறகு எந்தெந்தக் கடைகளில் யார் கைக்கு மாறின என்று சொல்ல ஓர் இலக்கமும் இல்லை. பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கே பதிவேடு உதவும். பற்றுச்சீட்டும் வீட்டோடு போனவருக்கு அது என்ன செய்யும்?

நமது பிக்ஹில் 'லுகதா' என்று ஒரு பாடம் உண்டு, கண்டெடுத்த பொருளைப் பற்றியது. களவுப் பொருளுக்கு அது நேராகப் பொருந்தாது. ஆனாலும் அதன் ஒழுங்கை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பொருளை எடுத்தவர் முதலில் அதன் பையையும் கட்டிய கயிற்றையும் அடையாளம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓராண்டு அறிவிக்க வேண்டும். தேடி வருபவர் அடையாளத்தைச் சரியாகச் சொன்னால் கொடுத்துவிட வேண்டும். பள்ளி ஒலிபெருக்கியில் 'ஒரு சாவிக்கொத்து கிடைத்திருக்கிறது' என்று அறிவித்து, எத்தனை சாவி என்று சொல்லாமல் விடுவார்களே, அதுதான். அங்கே அறிவிக்கும் பாரம் பொருள் யார் கையில் இருக்கிறதோ அவர் மேல். இன்றைய பதிவேட்டில் முழுப் பாரமும் இழந்தவர் மேல்.

மருமகன் மணிக்கூட்டை வாங்கவில்லை. அந்தப் பொடியனிடம் திருப்பிக் கொடுக்கும்போது, முதலாளியிடம் ஒரு கடிதமோ பற்றுச்சீட்டின் படமோ எடுத்துத் தா, வாங்குகிறேன் என்று சொல்லியிருக்கிறான். பொடியன் பிறகு வரவில்லை. கொழும்பில் விற்றுவிட்டதாகக் கேள்வி. உண்மையிலேயே முதலாளி கொடுத்ததாகவும் இருக்கலாம். ஒரு துண்டுக் கடிதம் இல்லாமல் நல்லவனும் கள்ளனும் ஒரே மாதிரித்தான் தெரிகிறார்கள். அது அவனுக்கும் அநியாயம்தான்.

வாப்பாவிடமும் ஒரு மணிக்கூடு இருந்தது. அறுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்த கப்பல்காரன் ஒருவனிடம் வாங்கியது. தொண்ணூறில் நாங்கள் ஓடித் திரும்பியபோது வீட்டில் கதவும் இல்லை, அலுமாரியும் இல்லை, அலுமாரிக்குள் இருந்த மணிக்கூடும் இல்லை. போன கிழமை உம்மாவிடம் அதன் அடையாளம் ஏதும் ஞாபகமா என்று கேட்டேன்.

"பின்பக்கத்தில மீன் வால் வெச்ச குதிரை ஒண்டு இருந்திச்சு" என்றார்.

ஒமேகா சீமாஸ்டராக இருக்க வேண்டும். அந்தக் கடற்குதிரையை அதன் மூடியில்தான் பொறிப்பார்கள். நம்பர் ஏதும் இருந்ததா என்று கேட்டேன். உம்மா கொஞ்சம் யோசித்தார்.

"அந்தக் கப்பல்காரனுக்கு அது எங்கால வந்ததெண்டு உங்கட வாப்பா கேட்டதுமில்ல மகன்" என்றார்.