ஓய்விலும் ஓயாத மூளை

சந்நிதியில் ஒரு முதியவர் கண்மூடி நிற்கிறார். நாவில் நாமம் இருக்கிறது. நெஞ்சமோ என்றோ தம்பியோடு நேர்ந்த மனத்தாங்கலை அசைபோடுகிறது. "இந்த வயதிலும் மனம் அடங்கவில்லையே" என்று தம்மையே நொந்துகொள்கிறார். அவருடைய துணைவியாரோ இரண்டு மாதங்களாகக் கோயிலுக்கே வருவதில்லை. உறக்கமில்லை, உணவில் நாட்டமில்லை, "நான் யாருக்கும் பயனில்லை" என்பதே பேச்சு. பக்தி குறைந்துவிட்டதென்று சுற்றத்தார் சொல்கின்றனர். இருவர் நிலையும் ஒன்றன்று என்பதை மூளையின் இயல்பு விளக்கும்.

உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்விலும் உடலின் ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டைச் செலவிடுகிறது. வங்கியில் கவுண்டரை மூடிய பின்னும் உள்ளே கணக்கு முடிக்கும் பணி நடப்பதைப் போன்றது இது. அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் அறிஞர் மார்கஸ் ரெய்க்கலும் அவர்தம் குழுவினரும் 2001இல் இதனை விளக்கினர். கவனத்தோடு ஒரு செயலில் ஈடுபடும்போது மூளையின் சில பகுதிகள் அடங்குகின்றன. வாளா இருக்கையில் அவையே முனைந்து இயங்குகின்றன. இணைந்து இயங்கும் அப்பகுதிகளை 'டிஃபால்ட் மோட் நெட்வொர்க்' என்பர். பழையதை நினைப்பதும், நாளையை எண்ணுவதும், 'நான்', 'எனது' என்று தன்னையே சுற்றுவதும் பெரிதும் இதன் தொழில். ஆகவே மனம் அலைவது குற்றமன்று, அஃது இயற்கை. நெடுநாள் தியானம் பழகியோரிடம், தியான வேளையில் இப்பகுதிகளின் இயக்கம் குறைந்திருந்ததை 2011இல் யேல் பல்கலைக்கழக ஆய்வு கண்டது. முதியவர் நொந்துகொள்ளாமல், ஓடிய மனத்தை மீண்டும் நாமத்திற்கு அழைத்து வந்தால் போதும்.

துணைவியாரின் நிலை வேறு. மனச்சோர்வு நோயில் துயர எண்ணம் செக்குமாடு போல் ஒரே தடத்தில் சுழல்வதற்கும், இவ்வலையமைப்பின் இயக்க மாறுபாட்டிற்கும் தொடர்புண்டு என்று ஆய்வுகள் பல காட்டுகின்றன. அல்சைமர் எனும் மறதிநோயில் படியும் அமிலாய்டு புரதமும் இப்பகுதிகளிலேயே மிகுதியாகச் சேர்கிறது. எனினும் இவ்வலையமைப்பை ஸ்கேன் எடுத்துப் பார்த்தே மனநோயை உறுதிசெய்யும் நிலை இன்னும் வரவில்லை. நோயாளியோடு பேசி, அறிகுறிகளை ஆராய்ந்து, மனநல மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்பவரை யாரும் நம்பிக்கையற்றவர் என்பதில்லை. மனச்சோர்வும் அவ்வாறே மருந்தாலும் ஆற்றுப்படுத்தும் பேச்சாலும் தணியக்கூடிய நோய். அந்த அம்மையாரைக் கோயிலுக்கு வரும்படி வற்புறுத்துவதினும், முதலில் மருத்துவரிடம் கைப்பிடித்து அழைத்துச் செல்வதே கணவரின் கடமை. பிரார்த்தனை உடன்வரட்டும்; சிகிச்சைக்கு மாற்றாக வேண்டாம்.