மாமாவின் கேசட்டும் நான் எழுதிய பக்கமும்



கோடை விடுமுறையில் நான் ஒரு பாட்டுத் தொகுப்பைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு பக்கம் எழுதினேன். "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று கேட்பீர்கள். நானும் ஒரு மணி நேர வேலை என்றுதான் உட்கார்ந்தேன். முடிக்க 18 நாள் ஆயிற்று! நடுவில் என் மாமா மனசு நொந்துவிடுமோ என்று பயந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. அந்தக் கதைதான் இது.

என் தாய்மாமா கப்பலில் வேலை பார்த்தவர். இப்போது தூத்துக்குடியில் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். அவரிடம் ஒரு பழைய டேப் ரிக்கார்டரும் ஒரு பெட்டி நிறையக் கேசட்டுகளும் உண்டு. அதில் அவர் உயிராக வைத்திருப்பது ஒன்றே ஒன்று. லாரி நார்மன் என்ற அமெரிக்கப் பாடகரின் 'ஒன்லி விசிட்டிங் திஸ் பிளானட்'. 'இந்தப் பூமிக்குச் சும்மா வந்து போகிறவன்' என்று பொருள் சொல்லலாம்.

மாமா சின்னப் பையனாக இருந்தபோது கோயிலில் கிட்டார் வாசிக்கப் போனாராம். "அது பிசாசு வாத்தியம், இங்கே கொண்டுவராதே" என்று பெரியவர்கள் திட்டி அனுப்பிவிட்டார்கள். பிறகு கப்பலில் கூட வேலை பார்த்த ஒருவர் இந்தக் கேசட்டைக் கொடுத்திருக்கிறார். நல்ல இசையை எல்லாம் பிசாசுக்கு ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்கிற பாட்டு ஒன்று அதில் இருக்கிறது. அது வரும்போது மட்டும் மாமா சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

எங்கள் கணினி சார் விடுமுறைக்கு முன்னால், "ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதுங்க" என்றார். தேடிப் பார்த்தேன். இந்தத் தொகுப்புக்குத் தமிழில் பக்கம் எதுவும் கண்ணில் படவில்லை. மாமாவுக்கு 50-ஆவது பிறந்தநாள் வேறு வந்தது. அன்றைக்கு இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினால் எப்படி இருக்கும்! ஒரே குஷி எனக்கு.

பழகிப் பார்ப்பதற்கென்று விக்கிப்பீடியாவில் மணல்தொட்டி என்ற பக்கம் உண்டு. அதில் மளமளவென்று எழுதினேன். 'உலகின் முதல் கிறித்தவ ராக் தொகுப்பு. நியூயார்க்கில் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளரே தயாரித்தது. கேட்பவர் உள்ளத்தை உருக்கும் ஒப்பற்ற படைப்பு.' சார் படித்துவிட்டுக் கேட்டார்:

"இதெல்லாம் யார் சொன்னது?"

"எங்க மாமா சார்."

"மாமா எந்தப் புத்தகத்துல எழுதியிருக்காரு?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சார் சிரிக்கவில்லை. "உங்க மாமா பொய் சொல்றாருன்னு நான் சொல்லலம்மா. ஆனா உன்னையும் தெரியாது, உங்க மாமாவையும் தெரியாதுன்னு ஒருத்தர் மதுரையிலோ மலேசியாவிலோ உட்கார்ந்து படிப்பாரு. அவரும் சரிபார்க்கிற மாதிரி சான்று வேணும்" என்றார். 'ஒப்பற்ற' என்ற சொல்லையும் அடித்துவிட்டார். அது தகவல் இல்லையாம், கருத்தாம். கலைக்களஞ்சியத்தில் நடுநிலையாக எழுத வேண்டும்.

சரி என்று ஒவ்வொரு வரியாகத் தேடினேன். தேடத் தேட வயிற்றைக் கலக்கியது.

முதல் வரி. கிறித்தவ ராக்கின் முதல் தொகுப்பு என்று பலரும் காட்டுவது 'அப்பான் திஸ் ராக்' என்பதை. 1969-இல் கேப்பிட்டல் நிறுவனம் வெளியிட்டது. பாடியவர் இதே லாரி நார்மன்தான்! மாமாவின் கேசட்டில் இருப்பதோ 1972-இல் பதிவானது. ஆளைச் சரியாகச் சொன்ன மாமா, தொகுப்பை மாற்றிச் சொல்லிவிட்டார்.

இரண்டாவது வரி. ஒலிப்பதிவு நடந்தது நியூயார்க்கில் இல்லை, லண்டனில்! ஏர் ஸ்டூடியோ என்ற இடத்தில்.

மூன்றாவது வரி. பீட்டில்ஸ் பாடல்களைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டின்தான் அந்த ஸ்டூடியோவை நிறுவியவர். ஆனால் இந்தத் தொகுப்பின் தயாரிப்பாளர்கள் ராட் எட்வர்ட்ஸ், ரோஜர் ஹேண்ட், ஜான் மில்லர் என்ற மூன்று பேர். இடத்துக்குச் சொந்தக்காரர் பெயர் பாட்டுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது!

ஆனால் மாமா சொல்லாத விஷயங்களும் எனக்குக் கிடைத்தன. தொகுப்பில் மொத்தம் பத்துப் பாட்டு. எல்லாமே பக்திப் பாட்டு என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அப்போது வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. போரைப் படம் பிடித்துக் காட்டும் தொலைக்காட்சிச் செய்தியைப் பற்றி ஒரு பாட்டு. நிலாவுக்கு ஆள் அனுப்பும் நாட்டில் ஏழைகளும் கறுப்பின மக்களும் படும் பாட்டைக் கேள்வி கேட்கும் ஒரு பாட்டு. காதலியைப் பிரிந்தவனின் சோகம்கூட ஒரு பாட்டில் வருகிறது. அமெரிக்காவிலும் அந்தக் காலத்தில் நீளமுடி வைத்து ராக் பாடுகிறவர்களைச் சபைப் பெரியவர்கள் பலருக்குப் பிடிக்கவில்லையாம். மாமாவுக்கு நடந்தது அங்கேயும் நடந்திருக்கிறது!

இந்தத் தொகுப்புக்குத் தனிப் பக்கம் வைக்கும் அளவுக்கு முக்கியத்துவம் உண்டா என்ற கேள்வி அடுத்து வந்தது. அதற்கு அருமையான சான்று கிடைத்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், காலத்துக்கும் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் என்று ஆண்டுக்கு 25 பதிவுகளைத் தேர்ந்தெடுக்கிறது. 2013-ஆம் ஆண்டுப் பட்டியலில் இந்தத் தொகுப்பும் இருக்கிறது. 2014 ஏப்ரலில் அறிவித்தார்கள். லாரி நார்மன் அதைப் பார்க்கவில்லை. 2008 பிப்ரவரியில், தன் 60-ஆவது வயதில் இறந்துவிட்டார். இதை எழுதும்போது மனசு என்னவோ செய்தது. ஆனால் 'ஐயோ பாவம்' என்றெல்லாம் அங்கே எழுத முடியாதே! இரண்டு தேதிகளை மட்டும் எழுதினேன்.

பாட்டு வரிகளையும் போட முடியாது, பதிப்புரிமை இருக்கிறது. அட்டைப்படத்தை விக்கிப் பொதுவகத்தில் ஏற்ற முடியாததும் அதே காரணத்தால்தான். 'ஆல்பம்' என்று நான் எழுதியதைத் தமிழய்யா 'இசைத்தொகுப்பு' என்று மாற்றிக் கொடுத்தார்.

பக்கம் தயார். மாமாவிடம் எப்படிக் காட்டுவது? இத்தனை வருஷமாக அவர் எல்லாரிடமும் சொன்ன மூன்று விஷயமும் அதில் தப்பு என்று ஆகிறதே! 'முதல்' என்ற ஒரு சொல்லையாவது திரும்பப் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். யாருக்குத் தெரியப்போகிறது? தொகு பொத்தான் வரைக்கும் விரல் போய்விட்டது. ஆனால் நாளைக்கு என்னைப் போல ஒரு பிள்ளை அதைப் படித்து நம்பி எழுதுமே! விரலை எடுத்துக்கொண்டேன்.

பிறந்தநாள் அன்று காலையில் காட்டினேன். மாமா கண்ணாடியைப் போட்டு மெதுவாகப் படித்தார். பேசவே இல்லை. பிறகு எழுந்து போய்க் கேசட்டை எடுத்து வந்து அட்டையைப் பார்த்தார். அதில் நார்மன் தலையில் கை வைத்துக்கொண்டு நியூயார்க் தெருவில் நிற்கிறார்.

"இங்க நிக்கான்லா, அதான் அங்கயே பாடிருப்பான்னு நெனச்சிட்டேன். அப்போ இத்தன வருசமா தப்பாத்தான் சொல்லிட்டு திரிஞ்சிருக்கேன், என்ன?" என்றார்.

"மன்னிச்சிருங்க மாமா" என்றேன்.

"நீ எதுக்குப் பிள்ள மன்னிப்பு கேக்க? சரியாத்தான் எழுதியிருக்க. ஆனா ஒண்ணு. உலகத்துக்கு இது முதல் இல்லாட்டாலும் எனக்கு இதுதான் முதல். அதுக்கு அப்புறம்தான் நான் திரும்பக் கிட்டாரைத் தொட்டேன். அத எங்க எழுதுவ?"

"அதை அங்க எழுத முடியாது மாமா. சான்று இல்லை."

மாமா சத்தமாகச் சிரித்தார். "நான்தாம்ல சான்று!" என்றார்.

நண்பர்களே, இப்போது அந்தப் பக்கத்தில் யாரோ முகம் தெரியாத ஒருவர் என் எழுத்துப் பிழை இரண்டைத் திருத்தியிருக்கிறார். நீங்களும் போய்ப் படித்து, தப்பு இருந்தால் திருத்துங்கள். கோபப்பட மாட்டேன். ஆனால் மாமா கடைசியாகச் சொன்னதை எங்கேயாவது எழுத வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அதனால்தான் நம் சுவர் இதழில் எழுதிவிட்டேன்.

– பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி