ஊவாத் தோட்டங்களுக்குச் செல்வோர் கவனத்திற்கு

பதுளைக்குப் பயணமாகும் அன்பர்கள் கம்பளிச் சட்டையை மறவாமல் எடுத்துவைக்கின்றனர். ஒரு துண்டுச் சவர்க்காரத்தையும் சிறிது உப்பையும் மறந்துவிடுகின்றனர். 1924ஆம் ஆண்டில் அவ்வூரை எட்டிய இருப்புப்பாதையின் அழகைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். நாம் தேகசுகத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம்.

நம் பாட்டன்மார் நாளில் காய்ச்சல் என்றாலே மலேரியாவின் அச்சந்தான். 1934, 1935ஆம் ஆண்டுகளில் அது இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளைகொண்டது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இந்நாட்டை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. ஆயினும் அந்நோயைப் பரப்பும் நுளம்பு அழிந்துவிடவில்லை. ஆதலால் மலேரியா உள்ள நாடுகளிலிருந்து வருவோர், காய்ச்சல் கண்டால் தாம் வந்த இடத்தை வைத்தியரிடம் சொல்லிவிடல் வேண்டும். இன்று பெரிதும் அஞ்சத்தக்கது பகலில் கடிக்கும் நுளம்பு தரும் டெங்கு. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் அன்றி, அஸ்பிரினோ இபுபுரூபனோ உட்கொள்ளலாகாது. அவை இரத்தப்போக்கை மிகுவிக்கும்.

தோட்டத்துப் பீலித் தண்ணீர் பளிங்குபோல் இருக்கும். அதற்கு மேலே லயங்கள் உண்டென்பதை நினைத்துக் கொதிக்கவைத்தே பருகுக. ஐப்பசி முதல் தை வரையுள்ள மழையில் அட்டைகள் காலைப் பற்றும். அவற்றைப் பிய்த்தெறியாது உப்பையோ சவர்க்காரத்தையோ தடவினால் தாமே விழும்.

இவையெல்லாம் சிறு தொல்லைகள். குளவி அப்படியன்று. அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், படம் பிடிக்கும் ஆவலால் நாம் ஒரு பெருமரத்தை நோக்கி நடந்தோம். கொழுந்துக் கூடை சுமந்த மூதாட்டி ஒருவர், "அங்கிட்டுப் போகாதீங்க ஐயா, மேல பாருங்க" என்றார். கிளையில் பானை அளவில் ஒரு கூடு கருத்துத் தொங்கியது. நாம் பின்வாங்கினோம், அவரோ முன்னே நடந்தார்.

"நீங்கள் மட்டும் போகலாமா அம்மா?" என்று வினவினோம்.

"எங்களுக்கு நெர அங்கதானே குடுத்திருக்காங்க."

காற்றோ கழுகோ கூட்டைக் கலைத்துவிட்டால் கொழுந்து கொய்வோர் பலர் ஒருங்கே கொட்டுண்பர், உயிரிழந்தோரும் உளர். பயணிகள் கூட்டின்மேல் கல்லெறிவதும், அருகே தீ மூட்டுவதும் அவர்கள் தலையிலேயே விடியும். குளவி கலைந்தால் கைகளை வீசாது, முகத்தை மூடிக்கொண்டு விரைந்து அகலுக. கொட்டியது தேன்பூச்சியாயின் தோலில் தைத்த கொடுக்கை உடனே சுரண்டி எடுக்கவேண்டும். முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, பல இடங்களில் கொட்டுண்டாலோ, கைவைத்தியத்தில் பொழுதைப் போக்கற்க. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். பதுளையிலும் தியத்தலாவையிலும் அரசாங்க வைத்தியசாலைகள் உள. ஆனால் தோட்டத்துப் பாதை கரடுமுரடானது. தொலைபேசி எங்கும் எட்டுவதில்லை. புறப்படுமுன் தோட்டத்து மருந்துச்சாலை எங்கே, ஆபத்துக்கு வாகனம் எவரிடம் உண்டு என்று கேட்டுவைத்தல் நலம். நாம் அன்று கேட்டோமில்லை.

மாலையில் திரும்பும்போது அம்மூதாட்டியைத் தேடினோம். தலைத்துணியை இறுகக் கட்டிக்கொண்டு, அந்த மரத்தடி நிரையைக் கொய்து முடித்திருந்தார்.