சோளகத்துக்கு எதிரே
யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குச் சைக்கிளில் ஒரு நாள்

நெடுந்தூரம் சைக்கிளிற் செல்பவனுக்குப் பகைவர் மூவர் என்பர்: ஏற்றம், வெயில், எதிர்காற்று. ஏற்றத்தைப் பற்றி வடபகுதியார் கவலைப்பட வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மன்னார் வரையுள்ள நிலம் பெரும்பாலும் பலகைபோலத் தட்டையானது. வெயிலுக்குத் தொப்பி உண்டு, மரநிழல் உண்டு, இளநீர் உண்டு. எதிர்காற்றுக்கோ மருந்தில்லை. ஏற்றத்தை ஏறி முடித்தால் அப்பால் இறக்கம் ஒன்று கைம்மாறாகக் கிடைக்கும். எதிர்காற்று எதையும் திருப்பித் தருவதில்லை.

பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை, இலங்கையின் வடகோடியிலிருந்து தென்கோடிக்குச் சைக்கிளிற் செல்வதென நாங்கள் 14 பேர் புறப்பட்டோம். தை மாசியிற் புறப்பட்டிருந்தால், வல்வெட்டித்துறையிலே பட்டங்களை வானுக்கு ஏற்றும் அதே வாடைக் காற்று எங்களையும் முதுகிலே தள்ளித் தெற்கே கொண்டுபோயிருக்கும். ஆனால் மாணவர்க்கும் உத்தியோகத்தர்க்கும் ஒருங்கே ஓய்வு வாய்த்தது ஓகஸ்ட் மாதத்தில். அது சோளகக் காற்றின் காலம். தென்மேற்கிலிருந்து ஓயாது வீசும் அக்காற்றை முகத்திலே ஏந்திக்கொண்டுதான் நாங்கள் தெற்கே போகவேண்டும்.

முதல் நாள் பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வந்தது வெறும் வெள்ளோட்டம். இரண்டாம் நாளே மெய்யான பயணம் தொடங்கியது. பூநகரி வழியாக மன்னாருக்கு 100 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம்.

எங்கள் குழுவை நேயர்களுக்கு அறிமுகஞ் செய்துவைக்க வேண்டும். பல்கலைக்கழக மாணவர் நால்வர்; பல்வேறு கியர்கள் பூட்டிய வண்டிகளும் இறுகிய கால்களும் உடையவர்கள். உத்தியோகத்தரும் ஆசிரியருமாக எண்மர். எல்லாரிலும் மூத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். அவரை நாங்கள் ‘மாஸ்டர்’ என்றே அழைத்தோம். எல்லாரிலும் இளையவள் சாதாரணதரப் பரீட்சை எழுதி முடித்திருந்த மாணவி. அவளுடைய வண்டி தமையனிடமிருந்து வந்த, கியர் இல்லாத பழைய லுமாலா.

களப்பின் மேல் விடியல்

காலை நாலரை மணிக்கு விளக்குகளுடன் புறப்பட்டோம். நாவற்குழியில் மன்னார் வீதியிலே திரும்பி, தனங்கிளப்பைக் கடந்து, கேரதீவை அடைகையில் கிழக்கு வெளுத்தது. அங்கிருந்து சங்குப்பிட்டி வரை இருபுறமும் களப்பு. சிறகுவலைக் கம்புகள் நீரிலே வரிசை வரிசையாக நின்றன. முழங்காலளவு நீரில் மீனவர் இருவர் வலையைப் பார்த்துக்கொண்டு நடந்தனர். காற்று இன்னும் விழித்தெழவில்லை.

2011ஆம் ஆண்டு சனவரியிற் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம் 288 மீற்றர் நீளமுடையது. சைக்கிளிலே அதைக் கடக்க ஒரு நிமிடத்துக்குச் சற்று மேற்செல்லும். பாலம் வருவதற்கு முன்னர் இவ்விடத்தில் ‘பாதை’ என்று நம்மவர் அழைக்கும் மிதவையே மக்களையும் வாகனங்களையும் ஏற்றிச் சென்றது. 1990களின் முற்பகுதியில், ஆனையிறவு வழியும் பூநகரி வழியும் அடைபட்டிருந்த காலத்தில், மக்கள் கிளாலியில் இரவிலே படகேறி இக்களப்பைக் கடந்தனர். குடாநாட்டிற் பெற்றோல் கிடையாத அந்நாட்களில் சைக்கிளே வண்டி, சைக்கிளே லொறி, நோயாளிக்கு அதுவே அம்புலன்சு.

மாஸ்டரும் அவ்வாறு சைக்கிளைப் படகிலேற்றிக் கடந்தவரே. பாலத்தின் நடுவிலே வண்டியை நிறுத்தி, கிழக்கே கைகாட்டி, “அந்தப் பக்கந்தான் கிளாலி. அப்ப சைக்கிளோடை போனது வயித்துக்காக. இண்டைக்குத்தான் ஆசைக்காகப் போறன்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மாணவர்களும் கேட்கவில்லை.

காற்று எழுந்தது

பூநகரியிலே, போர்த்துக்கேயர் கட்டிப் பின்னர் ஒல்லாந்தர் கைக்கு மாறிய கோட்டையின் சிதைவுகளைப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த பிட்டையும் சம்பலையும் உண்டோம். மொட்டைக்கறுப்பன் அரிசிக்குப் பேர்போன ஊர் அது. மாரி மழையை நம்பி விதைக்கும் வயல்கள் ஓகஸ்டிலே காய்ந்து வெடித்துக் கிடந்தன. அவ்வெளியிலே தடையேதுமின்றிச் சோளகம் எங்களை எதிர்கொண்டது.

எதிர்காற்றின் இயல்பை மாணவர் அறிந்துகொள்வது நன்று. காற்று உடலைத் தடுக்கும் விசை, அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. எதிர்ப்படும் காற்றின் வேகம் இருமடங்கானால் தடை நான்கு மடங்காகும். ஆனால் முன்னே ஒருவன் காற்றைப் பிளந்துகொண்டு செல்ல, அவனுக்கு அணித்தாகப் பின்செல்பவன் படும்பாடு வெகுவாகக் குறையும். சோளகம் வலப்புறத்து முன்மூலையிலிருந்து வீசியபடியால், பின்செல்பவன் முன்னவனுக்கு நேர்பின்னே செல்லாமற் சற்று இடப்புறமாக ஒதுங்கிச் செல்வதே நிழல். ஆம், காற்றுக்கும் நிழலுண்டு.

இவ்வுண்மையை அறிந்திருந்தும், பல்லவராயன்கட்டை அண்மித்தபோது எங்கள் வரிசை அறுந்தது. ஒருவரின் பின்சில்லிலே உடைமுள் ஏறிக் காற்றுப் போயிற்று. ரியூப்பைக் கழற்றி, அருகிலிருந்த வீட்டிற் பெற்ற வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வரும் இடங்கண்டு ஒட்டுப்போட அரைமணி சென்றது. மாணவர் நால்வரும் “மெல்லப் போய்க்கொண்டிருக்கிறோம்” என்று புறப்பட்டார்கள். இளைஞரின் மெல்ல என்பது ஏனையோரின் விரைவு. நாங்கள் மீண்டும் வண்டியேறியபோது, கண்ணுக்கெட்டிய தூரம் வரை அவர்களைக் காணவில்லை.

வலுவானவர் நால்வரும் முன்னே போய்விடவே, காற்றைப் பிளக்கும் பாரம் மற்றவர் மேல் விழுந்தது. முழங்காவிலைத் தாண்டியதும் அம்மாணவி பின்தங்கினாள். கெண்டைக்காலிலே பிடிப்பு. மாஸ்டர் அவளருகே செல்ல, நாங்களும் நின்றோம். எங்களைக் கடந்துபோன லொறியொன்று சற்றுத் தூரத்தில் நின்றது.

“பிள்ளை நல்லாக் களைச்சுப் போச்சு. சைக்கிளை மேலை ஏத்துங்கோ, நான் மன்னாருக்குத்தான் போறன்” என்றார் சாரதி. நல்ல மனிதர்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “மாஸ்டர், எனக்கு ஏற விருப்பமில்லை. ஆனா என்னாலை எல்லாருக்கும் சுணங்குது.”

“சுணங்கட்டும். முன்னுக்குப் போனவங்கள் என்ன செய்யப் போறாங்கள்? எங்களைப் பாத்துக்கொண்டு இருக்கத்தானே போறாங்கள்” என்றார் மாஸ்டர். பின்பு குரலைத் தாழ்த்தி, “கால் மாட்டனெண்டு சொன்னால் ஏறு. வெக்கத்துக்காக ஏறாதை” என்றார்.

அவள் உப்புங் கலந்த தேசிக்காய்த் தண்ணீரைக் குடித்து, காலை நீவிவிட்டுக்கொண்டு, வண்டியைப் பிடித்தாள். சாரதி சிரித்துவிட்டுப் போனார்.

வெள்ளாங்குளத்தில் ஒரு தீர்ப்பு

மாஸ்டர் சொன்னபடியே நடந்தது. வெள்ளாங்குளத்துத் தேநீர்க்கடை வாங்கிலே நால்வரும் ஒரு மணி நேரமாகக் காத்திருந்தார்கள். மாஸ்டர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. சோறும் மீன்குழம்பும் உண்டு, வெயில் தணியும்வரை புளியமர நிழலிற் படுத்திருந்தபின், புதிய ஒழுங்கு ஒன்றைச் சொன்னார். நால்வரும் முறைவைத்து முன்னே செல்ல வேண்டும். ஒருவர் இரண்டு கிலோமீற்றர் காற்றைத் தாங்கியதும் ஒதுங்கி வரிசையின் கடைக்குப் போகவேண்டும். மாணவி எப்போதும் இரண்டாம் இடத்தில். அவளுடைய மூச்சு வாங்கும் வேகமே குழுவின் வேகம். தாம் கடைசியில், கருவிப் பையுடன்.

நால்வரில் ஒருவர், “அப்படியெண்டால் இருட்டிப்போகும், மாஸ்டர்” என்றார். “இருட்டினால் விளக்கிருக்கு” என்பதே விடை.

இரண்டரை மணிக்குப் புறப்பட்டோம். தேவன்பிட்டி, இலுப்பைக்கடவை, பள்ளமடு என்று ஊர்கள் ஒவ்வொன்றாக வந்தன. 2008ஆம் ஆண்டுப் போரிலே வெறிச்சோடி, 2009க்குப் பின் படிப்படியாக மக்கள் மீண்ட ஊர்கள் இவை. புதிய ஓடு வேய்ந்த வீடுகளுக்கருகே கூரையில்லாத பழைய சுவர்கள் சில இன்னும் நிற்கின்றன. வேலியோரத்துச் சிறுவர் எங்கள் வரிசையைக் கண்டு கைதட்டினார்கள். காலையில் அறுந்து அறுந்து சென்ற குழு இப்போது ஒரே கயிறாகச் சென்றது. வியப்பென்னவென்றால், காலையில் தனியே முந்திய நால்வரும், இப்போது முறைவைத்துத் தாங்கியபடியால், முன்னிலும் களைப்பின்றி இருந்தார்கள். இருட்டவுமில்லை.

சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தின் திசையிலே கைகூப்பி, தள்ளாடியை அடைந்து, மன்னார்த் தாம்போதியில் ஏறினோம். வீதி வடமேற்கே திரும்புவதால், அங்கே சோளகம் இடப்புறத்திலிருந்து அறைந்தது. அக்காற்றுக்கு நிழல் வேண்டுமாயின் வலப்புறம், வீதியின் நடுவுக்கு, ஒதுங்கவேண்டும். வாகனங்கள் வரும் வீதியில் அது ஆகாது. ஆகவே கடைசி மூன்று கிலோமீற்றரளவும் அவரவர் காற்றை அவரவரே தாங்க வேண்டியதாயிற்று. நாங்கள் எல்லாரும் அம்மாணவியையே பார்த்தோம். அவள் கைபிடியின் மேற் குனிந்து, ஒரே சீராக மிதித்து, பாலத்தைக் கடந்து மன்னார்த் தீவிலே இறங்கினாள். பிற்பகல் முழுவதும் மற்றவர்கள் அவளுக்குச் சேமித்துக் கொடுத்த வலு அது; மிதித்த கால்களோ அவளுடையவை.

இடப்புறத்தே தொலைவில், தீவின் தென்கரையோரம், 2020ஆம் ஆண்டிலே தொடக்கிவைக்கப்பட்ட காற்றாலைகள் மாலை வெயிலிற் சுழன்றுகொண்டிருந்தன. மொத்தம் 30, வலு 103.5 மெகாவாற்று. நாள் முழுதும் நாங்கள் வைத காற்றை அவை விளக்கெரிக்கும் மின்னாக மாற்றிக்கொண்டிருந்தன.

மறுநாள் மதவாச்சி வழியாக அநுராதபுரம். வீதி கிழக்கே திரும்புவதால், சோளகம் சற்று முதுகுப்புறமாகவே வீசும் என்று மாஸ்டர் கணக்குச் சொன்னார். யார் முன்னே செல்வது என்று கேட்டோம். “பிள்ளைதான்” என்றார்.